வேலையை விடலாமா? மனதுக்கு நிறைவான தொழிலுக்கு மாற நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பத்து ஆண்டுகள் நான் பார்த்த வேலைக்கு ஏஆர் காலிங் என்று பெயர். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை நோயாளிக்கு வைத்தியம் பார்த்துவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு பில் அனுப்பும். பணம் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று இங்கிருந்து போன் போட்டுக் கேட்பது எங்கள் வேலை. அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு இரவு. மாலை ஆறரைக்கு கேப் வரும்; விடியற்காலை நாலரைக்கு வீட்டு வாசலில் இறக்கிவிடும். ஒரே ஒரு கிளெய்முக்காக முக்கால் மணி நேரம் ஹோல்டில் இசை கேட்டபடி உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. 2023 ஜூலையில் அந்த வேலையை விட்டேன். பி.எட். முடித்து, இப்போது திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறேன்.

விட வேண்டும் என்று முதன்முதலாகத் தோன்றியது 2018-ல். அந்த ஒரே வருடத்தில் மூன்று முறை ராஜினாமா கடிதம் தட்டச்சு செய்து, அனுப்பாமல் டிராஃப்டில் போட்டு வைத்தேன். அனுப்பாதது நல்லதாகப் போயிற்று. மூன்று முறையும் என்னை விரட்டியது தூக்கமின்மைதான். நன்றாகத் தூங்கியிருந்தால் அந்தக் கடிதத்தைத் திறந்திருக்கவே மாட்டேன்.

அதனால் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: ராஜினாமா கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகள் எல்லாவற்றையும் சம்பளம் வாங்கிக்கொண்டே ஏறலாம். ஏறிப் பார்த்த பிறகு விடுவதா இருப்பதா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்காது. பெரும்பாலும் விடை தானாகவே வந்துவிடும்.

படி 1: எது பிடிக்கவில்லை என்று பிரித்துப் பாருங்கள்

“வேலை பிடிக்கவில்லை” என்ற ஒரே வார்த்தைக்குள் நாலைந்து விஷயங்கள் ஒளிந்திருக்கும். உடம்பு அசதி, ஷிஃப்ட், தினமும் மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம் ஒரு வகை. டீம் லீடரோ மேனேஜரோ படுத்தும் பாடு ஒரு வகை. உழைப்புக்கேற்ற சம்பளம் இல்லை என்ற ஆற்றாமை இன்னொன்று. நான்காவதுதான் வேலையின் உள்ளடக்கம்: நாள் முழுக்க நான் செய்வது எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை என்பது.

முதல் மூன்றுக்கும் தொழிலை மாற்ற வேண்டியதில்லை. டீம் மாறலாம், நிறுவனம் மாறலாம், வீடு மாறலாம். நான்காவதற்கு மட்டும்தான் இந்தக் கட்டுரையின் மிச்சப் படிகள்.

பிரித்துப் பார்க்க எளிய வழி ஒரு நோட்டு. நான்கு வாரத்துக்கு, ஒவ்வொரு நாளும் இரண்டே வரி. இன்று எந்த நேரம் நகரவே இல்லை? எந்த நேரம் போனதே தெரியவில்லை? அப்ரைசல் வரும் மாதத்திலோ, வீட்டில் ஒரு துக்கம் நடந்த கையோடோ, பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய முதல் மாதத்திலோ இதைச் செய்யாதீர்கள். அப்போது எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும்.

என் நோட்டில் இருபது நாளில் பதினாறு நாள் “தூக்கம்” என்ற சொல் இருந்தது. 2019 கடைசியில் குவாலிட்டி ஆடிட் டீமுக்கு, பகல் ஷிஃப்டுக்கு மாற்றம் கேட்டு வாங்கினேன். இரவுப்படி நாலாயிரம் ரூபாய் போயிற்று. ஒரே மாதத்தில் தூக்கம் திரும்பியது, தலைவலி நின்றது, மகளிடம் எரிந்து விழுவது குறைந்தது. ஆனாலும் ஒரு வெறுமை மிச்சமிருந்தது. காலாண்டில் சிறந்த ஆடிட்டர் என்று எல்லார் முன்னாலும் கைதட்டினார்கள். சான்றிதழைப் பைக்குள் வைத்தேன், மறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து டிபன் பாக்ஸ் எடுக்கும்போது சாம்பார் கறையோடு கையில் வந்தது. அப்போதுதான் இது நான்காவது வகை என்று புரிந்தது.

அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருந்த என் தோழி ஒரு கடினமான டினையலை, அதாவது காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்த பில்லை, உடைத்துப் பணம் வரவைத்துவிட்டால் மேசையைத் தட்டிச் சிரிப்பாள். அவளுக்கு அது துப்பறிவது மாதிரி. எனக்கு அப்படி இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலைச் சோர்வுக்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், நம்மால் உருப்படியாக எதுவும் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. இவை வேலையோடு நிற்பவை. உங்களுக்கு வேலை மட்டும் அல்லாமல் சாப்பாடு, பிள்ளைகள், நண்பர்கள் எதிலுமே பிடிப்பில்லை, வாரக்கணக்கில் தூக்கம் இல்லை என்றால், தொழிலைப் பற்றி யோசிக்க இது நேரமில்லை. முதலில் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

படி 2: இருக்கும் இடத்திலேயே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்

அமெரிக்க ஆய்வாளர் ஏமி ரெஸ்னெஸ்கியும் அவருடைய சகாக்களும் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசிப் பார்த்தார்கள். ஒரே வேலை, ஒரே சம்பளம். சிலர் அதைக் கூட்டித் துடைக்கும் வேலை என்றார்கள். வேறு சிலர் நோயாளிகளோடு பேசுவது, வந்தவர்களுக்கு வழிகாட்டுவது என்று தாங்களாகவே வேலையை விரித்துக்கொண்டு, நோய் குணமாவதில் தங்களுக்கும் பங்குண்டு என்றார்கள்.

இது எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முயன்று பார்க்கச் செலவில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்று மேனேஜர் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். இரண்டு வாரப் பயிற்சி. என் நோட்டில் “நேரம் போனதே தெரியவில்லை” என்ற பக்கத்தில் பத்து நாளும் வரிசையாக வந்தது அந்த இரண்டு வாரத்தில்தான். எனக்குச் சொல்லிக் கொடுப்பது பிடிக்கும் என்பதை அந்த அலுவலகம்தான் காட்டிக் கொடுத்தது. இன்றைக்கும் அதற்கு நன்றியோடு இருக்கிறேன்.

உங்களுக்கு இந்தப் படியிலேயே மனம் அடங்கிவிட்டால் இங்கேயே நின்றுவிடுங்கள். சம்பளத்துக்கு ஒரு வேலை, மனதுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பறையோ பாட்டோ மரம் நடுவதோ என்று வாழ்கிறவர்கள் எனக்குத் தெரிந்து மிக நிம்மதியாக இருக்கிறார்கள்.

படி 3: போக நினைக்கும் வேலையின் சலிப்பான பக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெளியிலிருந்து பார்க்கும்போது எந்த வேலையும் அதன் சிறந்த பத்து நிமிடத்தை மட்டுமே காட்டும். வாத்தியார் வேலை என்றதும் நமக்குத் தெரிவது கரும்பலகையும் கண் விரித்துப் பார்க்கும் பிள்ளைகளும். உண்மையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் பேசினால் முதலில் வருவது எமிஸ் பதிவு: வருகை, மதிப்பெண், விலையில்லாப் பொருள் விவரம் என்று எல்லாவற்றையும் செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காத கட்டிடத்திலிருந்து. தனியார் பள்ளியில் அதற்குப் பதிலாகப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு. இரண்டிலும் பொதுவானது விடைத்தாள் கட்டு.

இயற்கை விவசாயம் என்றால் நடவுக்கு ஆள் கிடைக்காத வாரம், விளைந்ததை விற்க இடமில்லாத வாரம். தொண்டு நிறுவனம் என்றால் களத்தில் இருக்கும் நேரத்துக்குச் சமமாக நிதி கொடுத்தவருக்கு அறிக்கை எழுதும் நேரம். பேக்கரி என்றால் விடியற்காலை மூன்று மணி அடுப்பு.

இதைத் தெரிந்துகொள்ள மூன்று பேரைப் பாருங்கள்: அந்தத் தொழிலில் பத்து ஆண்டு நின்றவர், இரண்டு ஆண்டுக்குள் சேர்ந்தவர், விட்டுவிட்டு வெளியே வந்தவர். மூன்றாமவரைத் தேடிப் பிடிப்பதுதான் சிரமம். ஆனால் அவரிடம் கிடைக்கும் அரை மணி நேரம் மற்ற இருவரிடம் கிடைக்கும் ஒரு நாளுக்குச் சமம். “பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள். “நேத்து மத்தியானம் மூணு மணிக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று கேளுங்கள். நான் சந்தித்த, பள்ளியை விட்டு வந்த ஒரு அக்கா சொன்னார்: “மூணு மணிக்கா? நாப்பது பேர் டைரியில கையெழுத்துப் போட்டுட்டிருந்தேன் பா. தினமும் அதான்.” அதைக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை. வந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

படி 4: விடாமலேயே செய்து பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் அரைகுறையாகச் செய்தாலும் இதை மட்டும் முழுதாகச் செய்யுங்கள். யோசித்து யோசித்து ஒரு வேலை நமக்குப் பொருந்துமா என்று கண்டுபிடிக்க முடியாது. கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு வாய்ப்பாக வந்தது இல்லம் தேடிக் கல்வி. கொரோனாவால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்காகத் தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம். மாலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள், தெருவிலோ வீட்டிலோ இருபது பிள்ளைகளை வைத்துத் தன்னார்வலர் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அப்போது நான் வீட்டிலிருந்தே பகல் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு லேப்டாப்பை மூடினால் ஐந்தேகாலுக்குப் பிள்ளையார் கோவில் மண்டபத்தில் நிற்கலாம்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டால் ஐந்தில் இரண்டு என்று எழுதுவான். மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டி. பொது மடங்கு, பகுதி, தொகுதி என்று நான் எவ்வளவு சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஐந்தில் இரண்டு. ஒருநாள் கடலைமிட்டாய்ப் பாளம் ஒன்று வாங்கிப் போனேன். பன்னிரண்டு கட்டம் கோடு போட்டது. “பாதிய உடைடா.” ஆறு கட்டம். “இப்ப முழுசுல மூணுல ஒரு பங்கு.” நாலு கட்டம். “சேர்த்து எண்ணு.” பத்து. பன்னிரண்டில் பத்து, அதாவது ஆறில் ஐந்து. அவன் கையில் மிச்சமிருந்த இரண்டு கட்டத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். “ஐந்துல ரெண்டுன்னா பாதியவிடக் கம்மியால்ல டீச்சர் வரும்? நான் பாதியோட இன்னும் சேர்த்திருக்கேனே!” அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இது வேறு மாதிரியான தூக்கமின்மை.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்களுக்குத் தவறான வழிகாட்டியாக இருந்திருப்பேன். அடுத்த வாரம் அதே கணக்கைக் கொடுத்தேன். ஐந்தில் இரண்டு என்று எழுதினான்.

பெரிய பரீட்சை எனக்குத்தான் என்று அப்போது தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சல். ஆனால் கை கழுவும்போதே, மிட்டாய்க்குப் பதில் படம் வரையச் சொன்னால் என்ன, முதலில் விடை பாதியைவிடப் பெரிதா சிறிதா என்று ஊகிக்கச் சொன்னால் என்ன என்று ஓட ஆரம்பித்துவிட்டது. மறுநாள் ஐந்து மணிக்காகக் காத்திருந்தேன். பத்து ஆண்டில் ஒரு டினையல் கூட என்னை இப்படி வீடு வரை துரத்தியதில்லை.

ஆகவே செய்து பார்க்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது, நன்றாகப் போன நாளில் வரும் மகிழ்ச்சியை அல்ல. அது எல்லாருக்கும் வரும். தோற்றுப்போன நாளுக்கு மறுநாள் காலையில் என்ன தோன்றுகிறது என்று பாருங்கள். திரும்பப் போகத் தோன்றினால் அது உங்கள் வேலை. தப்பித்தோம் என்று தோன்றினால், அது ஒரு நல்ல பொழுதுபோக்கு. அதிலும் தவறில்லை.

குறைந்தது மூன்று மாதம், வாரம் ஆறு மணி நேரமாவது வேண்டும். சமையல் தொழில் நினைப்பவர்கள் சனி ஞாயிறு ஒரு மெஸ்ஸில் கூட நிற்கலாம். விவசாயம் நினைப்பவர்கள் நிலம் வாங்கும் முன் கால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து ஒரு போகம் பார்க்கலாம். முதியோர் இல்லம், ஆதரவு சிகிச்சை மையம் ஆகியவை வார இறுதித் தன்னார்வலர்களை வரவேற்கும். இந்நேரத்தில் அலுவலகத்தில் வேலையைக் குறைவில்லாமல் செய்யுங்கள். வேறு சம்பளம் வாங்குவதாக இருந்தால் உங்கள் நியமனக் கடிதம் அதை அனுமதிக்கிறதா என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

படி 5: நுழைவாசல் எங்கே, எத்தனை காலம்

ஆசை ஒரு பக்கம். அந்தத் தொழிலுக்குள் நுழையச் சட்டப்படி என்ன வேண்டும் என்பது இன்னொரு பக்கம். என் உதாரணத்தையே விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஆசிரியர் பணிக்கு மாற நினைப்பவர்கள் நிறையப் பேர்.

நான் பி.எஸ்சி. கணிதம். பள்ளியில் பாடம் எடுக்க பி.எட். வேண்டும். 2015-லிருந்து அது இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் மொத்தம் 20 வாரம் பள்ளியில் பயிற்சி ஆசிரியராக நிற்க வேண்டும். வேலையில் இருந்துகொண்டே ஒப்புக்குச் சேர்ந்து சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் இடங்களை நம்பாதீர்கள். நாளைக்குச் சரிபார்ப்பில் மாட்டுவது நீங்கள்தான். படிப்பை விடுங்கள், அந்த 20 வாரம் இல்லாமல் வகுப்பறைக்குள் போவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

அரசுப் பள்ளி என்றால் அதோடு முடியாது. டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு: 150 வினா, மூன்று மணி நேரம், ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு இரண்டாம் தாள். அதில் தேர்ச்சி பெற்றால் தகுதி மட்டும்தான்; பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு டிஆர்பி எனும் ஆசிரியர் தேர்வு வாரியம் தனியாகப் போட்டித் தேர்வு நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2025 வரை டெட் வந்த ஆண்டுகளைப் பாருங்கள்: 2012, 2013, 2017, 2019, 2022, பிறகு 2025 நவம்பர். வருடா வருடம் வந்த தேர்வு இல்லை இது. பி.எட். முடித்த கையோடு அரசு வேலை என்று கணக்குப் போட்டு வேலையை விட்டால் நடுவில் மூன்று ஆண்டு அந்தரத்தில் நிற்க நேரலாம். தனியார் பள்ளிச் சம்பளத்தில் குடும்பம் ஓடுமா என்று கேட்டு, ஓடும் என்றால் மட்டும் விடுங்கள். நான் விசாரித்த பள்ளிகளில் 14,000 முதல் 22,000 வரை சொன்னார்கள்.

படித்துப் பார்க்கும் முன்பே வகுப்பறையில் முழு நேரம் நின்று பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு டீச் ஃபார் இந்தியா என்ற தொண்டு நிறுவனத்தின் இரண்டு ஆண்டு ஃபெல்லோஷிப் ஒரு வழி. சென்னையிலும் நடக்கிறது, மாதாமாதம் உதவித்தொகை உண்டு.

நீங்கள் போவது வேறு தொழிலென்றாலும் கேள்வி இதேதான்: என்ன சான்று வேண்டும், யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு காலம், அது கிடைத்த பிறகு முதல் ரூபாய் வர இன்னும் எவ்வளவு காலம்.

படி 6: பணத்தைக் காகிதத்தில் எழுதுங்கள்

எங்கள் வீட்டுக் கணக்கை அப்படியே வைக்கிறேன். என் சம்பளம் 42,000. கணவர் தனியார் நிறுவனத்தில் கணக்கர், 29,000. மாதச் செலவு 38,000 என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நினைத்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லக் காரணம், விடுவதற்கு முன் ஒத்திகை பார்த்தோம். 2023 ஜனவரியிலிருந்து என் சம்பளத்தில் 30,000-ஐ வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுவது, மிச்சத்தில்தான் வாழ்க்கை. முதல் நான்கு மாதம் சமாளித்தோம். பிறகு வைகாசி வந்தது. மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு கிரகப்பிரவேசம். மொய் மட்டும் 9,500. அது எங்கள் பட்டியலிலேயே இல்லை. வண்டிக் காப்பீடு, பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி என்று வருடத்துக்கு ஒருமுறை வருபவற்றை எல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்ததும் உண்மையான மாதச் செலவு 41,000 என்று தெரிந்தது. ஒத்திகை பார்க்காமல் யாரும் வேலையை விடக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அதன்படி கணவர் சம்பளம் போக மாதம் 12,000 பற்றாக்குறை. பி.எட். இரண்டு ஆண்டுக்கு 2,88,000. படிப்புக் கட்டணம், பேருந்து, சீருடைச் சேலை, புத்தகம் எல்லாம் சேர்த்து 1,20,000. முடித்து வேலை கிடைக்க ஆறு மாதம் ஆகலாம் என்று 72,000. ஆஸ்பத்திரி மாதிரி அவசரத்துக்கு 1,50,000. மொத்தம் 6,30,000. எங்களிடம் இருந்த சேமிப்பு 3,10,000, ஒத்திகையில் சேர்ந்தது 1,80,000, கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை 98,000. கிட்டத்தட்ட 42,000 குறைந்தது. அதை மாலை டியூஷன் எடுத்து ஈடுகட்டினேன். பள்ளியில் சேர்ந்த பிறகு என் சம்பளம் 16,500. இருவருக்கும் சேர்த்து 45,500. செலவு 41,000. இந்தக் கடைசி வரி நேராகாமல் இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். இரண்டு ஆண்டுப் பற்றாக்குறையைச் சேமிப்பு தாங்கும். முடிவே இல்லாத பற்றாக்குறையை எதுவும் தாங்காது.

இனி கவனிக்க வேண்டிய நான்கு விஷயங்கள்.

கிராஜுவிட்டி. ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்திருந்தால் உண்டு. நான் விலகிய 2023-ல் கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கினார்கள். என் அடிப்படைச் சம்பளம் 17,000. பத்து ஆண்டுக்கு 98,077. நான்கு ஆண்டும் 240 நாளும் முடிந்திருந்தால் ஐந்தாண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. எல்லா நிறுவனமும் அப்படித் தானாகக் கொடுப்பதில்லை. சில வாரமே குறைகிறது என்றால் முடித்துவிட்டே கிளம்புங்கள்.

பிஎஃப். விட்ட உடனே எடுத்துச் செலவழிக்கும் ஆசை வரும். ஐந்து ஆண்டு தொடர் சேவை முடியும் முன் எடுத்தால் வருமான வரியும் உண்டு. நாங்கள் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, இன்றும் தொடவில்லை.

மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசி கடைசி வேலை நாளோடு போய்விடும். என் மாமியாருக்குச் சர்க்கரை. ஏற்கெனவே உள்ள நோய்க்குத் தனிநபர் பாலிசியில் காத்திருப்புக் காலம் உண்டு. நாங்கள் எடுத்தபோது அதிகபட்சம் நான்கு ஆண்டு, 2024-லிருந்து மூன்று ஆண்டு. எனவே வேலையை விடுவது என்று தீர்மானிப்பதற்கு முன்பே, தோன்ற ஆரம்பித்தவுடனே, தனி பாலிசி எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

கடன். 30 லட்சம் வீட்டுக் கடன், எட்டரை சதவீத வட்டி, இருபது ஆண்டு என்றால் மாதத் தவணை 26,000-ஐத் தாண்டும். அந்தத் தவணை உங்கள் சம்பளத்தில்தான் ஓடுகிறது என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், இப்போது விடாதீர்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைக்க வங்கி அபராதம் போடக்கூடாது. போனஸ், இன்க்ரிமென்ட் எல்லாவற்றையும் அதில் போட்டுக் கடனைச் சுருக்கி, இரண்டு மூன்று ஆண்டு கழித்து மறுபடி இந்தப் படிக்கு வாருங்கள். அதற்குள் நான்காம் படியைத் தொடரலாம். ஆசை அவ்வளவு சீக்கிரம் ஆறிப்போய்விட்டால் அதுவும் ஒரு விடைதான்.

படி 7: வீட்டில் பேசுவது

காகிதம் இல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள். 2018-ல் நான் அழுதுகொண்டே பேசினேன், சண்டையில் முடிந்தது. 2022-ல், மேலே உள்ள கணக்கின் முதல் வடிவத்தை அடுப்படி மேடையில் விரித்து வைத்துப் பேசினேன். “இதுல அம்மா மாத்திரை எங்க?” என்று கணவர் கேட்டார். இல்லை, விட்டுப்போயிருந்தது. அவரே பேனாவை எடுத்து எழுதினார். அவர் சம்மதித்த கணம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

என் அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சொன்னபோது நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நைட்டு டூட்டின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா பாப்பா. முப்பது வருசம் ராத்திரி வண்டி ஓட்டினவன். ஆனா நான் பென்சனோட எறங்குனேன். உனக்குக் கடைசில என்ன இருக்கு? அத மட்டும் பாத்துட்டுச் சொல்லு” என்றார்.

பார்த்தோம். பிஎஃப்-ஓடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டு சேவை நிறைந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை வருகிறது. 15,000 ரூபாய் உச்சவரம்பில் பத்து ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் மாதம் 2,143 ரூபாய்தான். சிறிய தொகை. ஆனால் 2013 ஜூனில் சேர்ந்த நான் ஏப்ரலிலேயே கிளம்ப இருந்தேன். அப்பா கேட்காமல் இருந்திருந்தால், பத்து ஆண்டு முழுதாக நிறைய இரண்டே மாதம் இருக்கும்போது அதைப் பார்க்காமலே கிளம்பியிருப்பேன். ஜூலை வரை இருந்தேன். மூன்று மாத ஒத்திகை ஆறு மாதம் ஆனதும் அதனால்தான்.

வீட்டில் எதிர்ப்பவர்களை எதிரியாகப் பார்க்காதீர்கள். அவர்களுடைய பயத்தில் பாதி, நீங்கள் எழுத மறந்த ஒரு வரியாக இருக்கும்.

படி 8: நாள் குறிப்பது, திரும்பும் வழியை எழுதி வைப்பது

எல்லாம் சரியாக இருந்தும் சிலர் வருடக்கணக்கில் வாசலிலேயே நிற்பார்கள். பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் முடிவெடுக்கத் தடுமாறுபவர்களை இணையத்தில் நாணயம் சுண்டிப் பார்க்க வைத்தார். 20,000-க்கும் மேற்பட்ட முறை நாணயம் சுண்டப்பட்டது. வேலையை விடுவது போன்ற பெரிய விஷயங்களில் மாற்றத்தைத் தேர்ந்தவர்கள் ஆறு மாதம் கழித்து, மாறாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். நாணயத்தை நம்பி வேலையை விடச் சொல்லவில்லை. சரிபாதியில் நின்று தவிப்பவர் மாற்றத்தை நினைத்துத் தேவைக்கு மேல் பயப்படுகிறார் என்பதற்கு இது ஒரு சான்று, அவ்வளவே.

எங்கள் வழி இப்படி. ஒரு தாளில் தேதியைப் போட்டோம். அதற்குக் கீழே, எந்த நிலை வந்தால் பழைய தொழிலுக்குத் திரும்புவது என்று எழுதினோம்: அவசர நிதி 50,000-க்குக் கீழே போனால், கணவர் வேலை மூன்று மாதத்துக்கு மேல் இல்லாமல் போனால், முதல் கல்வியாண்டு முடியும்போது காலையில் பள்ளிக்குக் கிளம்ப மனம் வராவிட்டால். திரும்பிப் போவது தோல்வி இல்லை என்று அந்தத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அது இன்னும் பீரோவில் இருக்கிறது.

படி 9: கடிதம் கொடுப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நோட்டீஸ் காலம் 60 நாளா 90 நாளா என்று நியமனக் கடிதத்தில் பாருங்கள். கல்லூரி சேரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இத்தனை ஆண்டு வேலை பார்ப்பேன் என்று பாண்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அலட்சியம் வேண்டாம். மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ராஜினாமாவை மின்னஞ்சலில் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்கான பதிலைச் சேமித்து வையுங்கள். காரணம் ஒரே வரி போதும்.

கையில் வாங்க வேண்டியவை: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வரிப் பிடித்தத்துக்கான ஃபார்ம் 16. பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணோடு உங்கள் சொந்த மொபைல் எண்ணும் ஆதாரும் இணைந்திருக்கிறதா, விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கிராஜுவிட்டி 30 நாளுக்குள் வர வேண்டும். என் நிறுவனத்தில் தாமதித்தார்கள். இந்த 30 நாள் விதியைக் குறிப்பிட்டு மரியாதையாக இரண்டாவது மின்னஞ்சல் போட்ட நான்காம் நாள் வந்தது.

சேர்ந்த பிறகு

முதல் மூன்று மாதத்தை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு நாளைக்கு ஆறு பீரியட் நின்றுகொண்டே பேசும் உடம்பு எனக்கு இன்னும் வரவில்லை. பழைய தோழி ஹைதராபாத்துக்கு மேனேஜராகப் போகிறாள் என்று கேள்விப்பட்ட மாலை, ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் தனியாக இருந்தேன். 42,000-க்கும் 16,500-க்கும் உள்ள தூரம் வெறும் கணக்கு இல்லை. மகளுக்கு வேண்டாம் என்று சொல்ல நேர்ந்த ஒவ்வொரு தடவையும் அது தெரிகிறது.

அந்தப் பழைய நோட்டை மறுபடி எடுத்திருக்கிறேன். அதே இரண்டு வரி, வாரத்துக்கு ஒரு நாள். போன வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் “நகரவே இல்லை” என்பதற்கு நேராக விடைத்தாள் கட்டு என்று இருக்கிறது. அதற்குக் கீழே, “போனதே தெரியவில்லை” என்பதற்கு நேராக: 7 ஆ பிரிவு, பின்னக் கூட்டல், நாலு பேர் ஐந்தில் இரண்டு, திங்கட்கிழமை கடலைமிட்டாய் வாங்க வேண்டும்.